அட்வான்ஸ் மொட்டையும் விசா தொரையும்

வெள்ளக்காரங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்குற சோலி இருக்கே, ஒலகத்துலயே ரொம்பப் பொறுமை வேண்டிய சோலி அது. அதைக் கொண்டுபோயி என்னைய மாதிரி ஒருத்தன் கையில குடுத்தாங்கன்னா, தப்பு யாரு மேலன்னு நீங்களே பாத்துக்கங்க.

நான் பழனிக்காரன். பேரு தண்டபாணி. அப்பாவுக்கு அடிவாரத்துல பூசைச் சாமான் கடை. மதுரையில டிகிரி முடிச்சேன். உருளைக்கெழங்கு ஏன் மண்ணுக்குள்ளயே அழுகுதுன்னு படிக்கணும்னு கடல் தாண்டி ஒரு தேசத்துல எடம் வாங்குனேன். எந்தத் தேசம்னு சொல்லமாட்டேன். நாளைக்கு இதைப் படிச்சுட்டு விசா இல்லேங்கறதுக்கு அதையும் ஒரு காரணமாச் சொல்லுவாங்க. எடம் குடுத்தவன் "வா"ன்னான். விசா குடுக்க வேண்டியவன் "வராத"ன்னான். ரெண்டு பேருக்கும் ஒரே கொடிதான். இதைப் படிக்கிற உங்கள்லயும் வாசல் வரைக்கும் போயித் திரும்புனவங்க இருப்பீங்க. வாங்க, இப்படிப் பக்கத்துல ஒக்காருங்க.

அட்வான்ஸ் மொட்டை

விசா கெடைச்சா பையனுக்கு மொட்டை போடுறதா எங்கம்மா முருகன்கிட்ட வேண்டிக்கிட்டாங்க. அது தப்பில்ல. பழனியில பொறந்தவன் தலை என்னைக்கு அவனுக்குச் சொந்தமா இருந்துச்சு? ஆனா எங்கம்மா பக்தி கொஞ்சம் அவசரக்கார பக்தி. "எப்படியும் குடுத்துருவான். அப்புறம் கப்பலுக்கு ஓடுற ஓட்டத்துல சாமி காரியம் நின்னு போகும். இப்பவே முடிச்சிருவோம்"னாங்க. மெட்ராஸ் விசா ஆபீசுக்குக் கெளம்புற அன்னைக்கு வெள்ளனே இழுத்துட்டுப் போயி முடி எடுக்குற எடத்துல ஒக்கார வச்சுட்டாங்க. நான் ஊரு ஒலகத்தோட எல்லாம் வாதாடி ஜெயிப்பேன். அம்மா அந்தக் கணக்குல வரமாட்டாங்க.

விசா தொரைக்கு வயசு முப்பதுக்குள்ளதான் இருக்கும். போட்டோவைப் பாத்தாரு. அதுல காடு மாதிரி முடி. என்னையப் பாத்தாரு. சந்தனம் பூசுன பலாக்கொட்டை மாதிரி இருந்தேன். "இது யாரு?"ன்னாரு. நான்தான்னேன். "விசா கெடைச்சதுக்கு நேத்திக்கடன்"னு வெளக்குனேன். "நான் இன்னும் குடுக்கவே இல்லியே?"ன்னாரு. "எங்க சாமி அட்வான்ஸும் வாங்கிக்கும்"னேன். படிச்சு முடிச்சுத் திரும்பி வருவேங்கறதுக்கு என்ன ஆதாரம்னு கேட்டாரு. "உருளைக்கெழங்கு இங்கதான் அழுகுது, அங்க ஒக்காந்து நான் யாருக்கு வைத்தியம் பாக்குறது?"ன்னு சத்தம் போட்டேன். அவரு என் தலையையே பாத்துக்கிட்டு இங்கிலீசுல நிதானமாச் சொன்னாரு: "உங்க சாமிக்குக் குடுக்க வேண்டியதைக்கூட குடுத்து முடிச்சுட்டு வந்திருக்கீங்க. திரும்பி வர இங்க உங்களுக்கு என்ன பாக்கி இருக்கு?"

குட்டிச்சுவரு எங்க?

விசா இல்லேன்னு ஆனதும், இனிமே என்ன செய்யலாம்னு யோசனை சொல்ல ஊருல ஒருத்தர் பாக்கியில்ல. ரஷ்யாவுக்குப் போன்னான் ஒருத்தன். அவன் பக்கத்து ஆயக்குடியைத் தாண்டிப் போனவன் கெடையாது. நல்ல நேரம் பாத்து மறுபடி மனு போடுன்னாரு ஜோசியரு. மொத மனுவுக்கும் நேரம் பாத்துக் குடுத்தது அவருதான்! காலேஜுல எடம் அடுத்த வருசச் சேர்க்கை வரைக்கும்தான் நிக்கும். அதுக்குள்ள ரெண்டாவது மனு போடலாம், ஆனா "திரும்பி வருவேன்"ங்கறதுக்கு ஆதாரத்தோட போடணும். அந்த ஆதாரம் எந்தக் கடையில விக்குதுன்னுதான் தெரியல.

எங்க சின்னையா மாமா, அம்மாவோட தம்பி, கோடைக்கானலுக்கு மேல மேல்மலையில உருளைக்கெழங்கும் பூண்டும் போடுறவரு. அவரு சரக்கை வித்துக் குடுக்குற ஒட்டன்சத்திரத்துக் கமிஷன் மண்டிக்காரரு என்னைய நிறுத்தி வெவரம் கேட்டாரு. முழுசாக் கேட்டுட்டு, வெங்காயச் சருகை ஊதிக்கிட்டே சொன்னாரு: "கழுதை கெட்டா குட்டிச்சுவருன்னு சொல்லுவாங்கல்ல தம்பி, அந்தக் குட்டிச்சுவரு எங்கன்னுதான் தொரை கேக்குறாரு. வெரசா ஒரு கல்யாணத்தப் பண்ணிக் காட்டிருங்க."

உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல

கடையில என்னைய வச்சிருந்தா வர்ற பக்தர்களையும் சண்டை போட்டே வெரட்டிருவேன்னு அப்பாவுக்குப் பயம். தாண்டிக்குடியில ஒரு காப்பித் தோட்டத்துல கணக்கு எழுத ஆளு வேணுமாம்னு ஜீப்புல ஏத்தி விட்டுட்டாரு. அங்க காப்பிப்பழம் காயப் போட்டுக்கிட்டு இருந்தாரு முத்தையாண்ணன். சிலோன்ல தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதான் கூலிக்காரங்க வரிசை வீட்டுல, பொறந்தவரு, அவங்கப்பாவும் அங்கயே பொறந்தவரு. "இந்த ஊருக்காரன்னு ஆதாரம் எங்க? ஒன் நாட்டுக்குப் போ"ன்னு குடும்பத்தோட கப்பல் ஏத்தி அனுப்பிட்டாங்க. தாண்டிக்குடிங்கற பேரையே இங்க வந்துதான் கேள்விப்பட்டாராம்.

நான் வழக்கம்போல ஆவேசமா எல்லாத்தையும் கொட்டுனேன். ஆதாரமாம்ல ஆதாரம்னு குதிச்சேன். அவரு பழத்தைக் கெளறிவிட்டுக்கிட்டே இருந்தாரு. நான் மூச்சு வாங்க நிறுத்துனப்பதான் வாயத் தொறந்தாரு: "தம்பிய வெளிய விடமாட்டேன்னான், எங்கள உள்ள வச்சிக்க மாட்டேன்னான். கேட்டது என்னமோ ரெண்டு பேருகிட்டயும் அதே ஆதாரந்தான். தள்ளி நில்லுங்க, பழத்த மிதிக்கிறீங்க."

வேணுங்கற தகுதி

அந்த வேலையில ஒரு மாசம்தான் தாக்குப் பிடிச்சேன். யாருகிட்ட சண்டைன்னு கேக்காதீங்க, பட்டியல் பெருசு. அப்பத்தான் கோடைக்கானல்ல சீசனுக்கு மட்டும் நடக்குற ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு தேவைன்னு தெரிஞ்சுச்சு. மெட்ராஸ், மதுரை வெயில் தாங்காம மலை ஏறுற வெள்ளக்காரப் பாதிரிமாரு, நர்சம்மா, ஆபீஸ் தொரைங்க எல்லாரும் அங்க தமிழ் படிப்பாங்க. அவங்க அத்தனை பேருக்கும் எங்க நாட்டு விசா இருக்கு. மலையும் எங்க மலை, குளிரும் எங்க குளிரு. இதை நெனச்சாலே ஸ்வெட்டர் இல்லாமலே எனக்கு ஒடம்பு சூடாயிரும்.

பள்ளிக்கூடத்து மேடமும் வெள்ளக்காரம்மாதான், இருவது வருசமா இங்க இருக்கறவங்க. புஸ்தகத் தமிழ் பேசுவாங்க. நான் முன்னாடியே சொல்லிட்டேன்: "மேடம், எனக்கு விசா இல்லேன்னு சொன்னவங்க மேல கோவமா இருக்கேன். பாடம் நடத்துறப்ப அது வெளிய வரும்." அந்தம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு, சந்தோசமாச் சிரிச்சாங்க: "விசா கிடைக்காதவரைத்தான் நாங்கள் தேடுகிறோம். கிடைத்தவர்கள் எல்லாரும் பாதிப் பாடத்தில் ஓடிவிடுகிறார்கள்."

முட்டக்கோசுக்கு ஆதாரம்

பாடத்துக்கு உதாரண வாக்கியம் வேணும்ல? புஸ்தகத்துல "கிளி பறந்தது, கிளி பறக்கிறது"ன்னு இருந்துச்சு. கிளிக்கு விசா வேண்டாம், பறக்கும். நான் வேற போட்டேன். "நேத்து மனுவைத் தள்ளுனாங்க. இன்னைக்கு மனுவைத் தள்ளுறாங்க. நாளைக்கும் தள்ளுவாங்க." மூணு காலமும் ஒரே நாள்ல முடிஞ்சிருச்சு. அடுத்த நாளு, "போதுமான ஆதாரம் இல்லை, அடுத்த வருசம் வாங்க." எலன்னு ஒரு நர்சம்மா, படிப்புல புலி. அம்புட்டையும் மனப்பாடம் பண்ணிட்டாங்க.

ஞாயித்துக்கெழமைச் சந்தைக்குக் காய் வாங்கப் போனாங்க. மேல்மலையிலேருந்து வந்து கடை பரத்தியிருந்த ஒரு அக்கா, "இன்னைக்கு வெட்டுன கோசு, பிஞ்சுக் கோசு"ன்னு கையில திணிச்சுச்சு. நர்சம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, சுத்தமான உச்சரிப்போட, "போதுமான ஆதாரம் இல்லை, அடுத்த வருசம் வாங்க"ன்னுட்டாங்க. நான் பின்னாடியேதான் நின்னேன். பாதாளத்துக்குள்ள போயிறலாமான்னு இருந்துச்சு. ஆனா அந்தக்கா அசரல. கோசை வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு கேட்டுச்சு: "ஏந்தாயி, இது மொகத்தப் பாத்தா வெட்டி ஒரு வருசமான மாதிரியா கெடக்கு?"

தொரை வந்தாரு

மே மாசம் புதுசா ஒரு கூட்டம் வந்துச்சு. முன் பெஞ்சுல ஒக்காந்திருந்தாரு, யாருங்கறீங்க? அதே விசா தொரை! அவருக்கு என்னைய அடையாளம் தெரியல. தெரியாதே! அவரு பாத்தது மொட்டையை, இப்ப நிக்கிறது காடு.

அன்னைக்குப் பாடம் கேள்வி பதில். நேரா அவருகிட்டப் போனேன். "எதுக்கு வந்தீங்க?" "தமிழ் படிக்க வந்தேன்." "படிச்சு முடிச்சதும் திரும்பிப் போவீங்களா?" "போவேன்." "என்ன ஆதாரம்?" தொரை யோசிச்சாரு. "என் அம்மா அங்க இருக்காங்க." "அம்மா எல்லாருக்கும்தான் இருக்காங்க. வேற?" "வீடு இருக்கு." "வீட்டை வித்துட்டு வந்திருப்பீங்க. வேற?" "நான் பொய் சொல்லமாட்டேன்." "எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. வேற?" நர்சம்மா அடுத்த வாக்கியம் தெரிஞ்சு ஒதட்டை அசைச்சுக்கிட்டு இருந்தாங்க. தொரை என் மூஞ்சியையே பாத்தாரு. ரெண்டு கையையும் தூக்கி, என் முடியை மட்டும் காத்துலயே மறைச்சு வச்சுப் பாத்தாரு. அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாத் தேடி எடுத்துக் கேட்டாரு: "ஐயா வாத்தியாரே, அந்த... மொட்டை... நீங்களா?"

மாமாவோட மூட்டை

விசா தொரை கோடைக்கானல்ல இருக்காருங்கற சேதி மேல்மலை வரைக்கும் போயிருச்சு. மறுநாளு சின்னையா மாமா காய்கறி லாரியில வந்து எறங்குனாரு. தோள்ல ஒரு மூட்டை. நான் தடுக்குறதுக்குள்ள பள்ளிக்கூடத்து வராந்தாவுல தொரைக்கு முன்னாடி கொட்டிட்டாரு. அத்தனையும் அழுகுன உருளைக்கெழங்கு. வந்த நாத்தத்துல பாதிரிமாரு ரெண்டு பேரு செபம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

"இதாங்க ஆதாரம். மூணு போகம் போச்சு. எம் மாப்ள படிச்சுட்டு வந்துதான் இதப் பாக்கணும்"னாரு மாமா. நான் அவமானத்துல நெளிஞ்சுக்கிட்டே அதை இங்கிலீசுல சொன்னேன். தொரை மூக்கைப் பொத்திக்கிட்டு, ஆனா குனிஞ்சு ஒரு கெழங்கை எடுத்துப் பாத்தாரு. "அவர் திரும்பி வரலேன்னா?"ன்னு அவரே தமிழ்ல கேட்டாரு. மாமாவுக்கு அந்தக் கேள்வியே வெளங்கல. அக்கா மகன் ஏன் வராம இருப்பான்? மண்டையச் சொறிஞ்சுட்டு, ஞாயமான ஒரு வழியையும் அவரே சொன்னாரு: "வரலேன்னா நானே போயி காதைப் புடிச்சு இழுத்தாந்துர்றேன். அதுக்கு எனக்கும் ஒரு விசா போட்டுக் குடுத்துருங்க தொர."

ஒருத்தரும் கேக்கல

அந்த வாரக் கடைசியில தொரை காரை எடுத்துக்கிட்டு வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் வழியா பழனி போயிட்டு வந்தாரு. தேடிக்கிட்டுப் போனது சாமியை இல்ல, மொட்டையை. முடி எடுக்குற எடத்துல ரொம்ப நேரம் நின்னாராம். கடலூர்லேருந்து நடந்தே வந்த ஒருத்தரு பத்து வருசத்துக்கு முன்னாடி வேண்டுன வேண்டுதலை இப்ப வந்து குடுக்குறாருன்னு கேட்டு ஆடிப் போயிட்டாரு. "பத்து வருசம் ஆச்சே, விட்டுட்டா என்ன?"ன்னு அந்தாளுகிட்டயே கேட்டாராம். அவரு இவரைப் பைத்தியத்தைப் பாக்குற மாதிரி பாத்தாராம்.

திங்கக்கெழமை வகுப்பு முடிஞ்சதும் தனியா வந்தாரு. இப்பவாவது மன்னிப்புக் கேப்பாருன்னு நான் பதிலோட தயாரா நின்னேன். அவரு சொன்னது இவ்வளவுதான்: "எல்லாரும் உங்களை மாதிரியே இருந்தாங்க. ஆனா ஒருத்தரும் விசா கேக்கல."

பாக்கி

ரெண்டாவது மனுவுக்கு நாள் வந்துச்சு. எங்கம்மா மறுபடியும் மொட்டைக்கு வேண்டிக்கிட்டாங்க. மறுபடியும் அட்வான்ஸா குடுத்துருவோம்னாங்க. வீட்டுக்குள்ள பெரிய யுத்தம். போட்டோவும் மூஞ்சியும் ஒத்துப் போகணும், தலையில கத்தி பட்டா நான் கெணத்துல குதிப்பேன்னேன். "அப்ப கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி குடு"ன்னாங்க. "எறங்குற எடத்துலயும் போட்டோ பாப்பாங்கம்மா!" கடைசியில, என் ஆயுசுலயே மொத தடவையா, அம்மா எறங்கி வந்தாங்க. "சரி, திரும்பி வந்து குடு. ஆனா ஒண்ணு. இது முருகன்கிட்ட வாய்தா வாங்குற மாதிரி. வராம இருந்துறலாம்னு மட்டும் நெனைக்காத."

மெட்ராஸ்ல அதே மேசை, அதே தொரை. சிரிக்கல. என்னையத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கல. மார்க்கைப் பாத்தாரு, மேடத்தோட கடுதாசியப் பாத்தாரு, எல்லாத்தையும் ஓரமாத் தள்ளி வச்சாரு. எனக்கு அங்கேயே கொதிக்க ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் நான் சொல்லிக் குடுத்த தமிழ்லயே கேட்டாரு, "திரும்பி வர இங்க உங்களுக்கு என்ன பாக்கி இருக்கு?" ஒரு வருசமா இந்தக் கேள்விக்கு எம்புட்டு வசனம் எழுதி வச்சிருந்தேன் தெரியுமா? அத்தனையையும் விட்டுட்டேன். தலைமுடியைக் கொத்தாப் புடிச்சுக் காட்டி, "இது"ன்னேன். தொரை போட்டோவைப் பாத்தாரு, முடியைப் பாத்தாரு, முத்திரையைக் குத்திட்டுச் சொன்னாரு: "இந்தக் கடனை ஏமாத்துன ஒரு ஆளையும் நான் பழனியில பாக்கல."

ஆக சகோதரர்களே, டிகிரி நின்னு பாத்துச்சு, மார்க்கு நின்னு பாத்துச்சு, என் வாயும் ஒரு வருசம் நின்னு பாத்துச்சு, கடைசியில எனக்கு ஜாமீன் நின்னது எடுக்காம வச்சிருக்குற முடிதான்.