ஒற்று அக்காவின் பூட்டில்லாத வைஃபை

அச்சகத்தில் எல்லோரும் அவரை 'ஒற்று அக்கா' என்பார்கள். இருபது வருடமாகப் பிழை திருத்துகிறார். ஓர் ஒற்று விட்டுப்போனாலும் அவருக்குப் பொறுக்காது. இப்போது வீட்டிலிருந்தே வேலை. வைஃபைக்கு மட்டும் பாஸ்வேர்ட் போடவில்லை. "அதை யாரு ஞாபகம் வச்சுக்கறது? நம்ம வீட்ல என்ன கொட்டியா கிடக்கு?" என்று கணவரிடம் சொல்லிவிட்டார்.

ஒருநாள் காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒரு பள்ளித் தலைமையாசிரியைக்குக் கொலை மிரட்டல் மின்னஞ்சல்கள் போயிருந்தன.

"எல்லாம் உங்க வீட்டு இணைப்புல இருந்துதாம்மா போயிருக்கு," என்று ஒருவர் தாளை நீட்டினார்.

அக்கா தாளை வாங்கினார். படித்ததும் வாயில் வந்தது இதுதான்: "ஐயோ, 'கொள்ளுவேன்'னு எழுதியிருக்கே! செத்தாலும் நான் இப்படி எழுத மாட்டேங்க."

யாரும் சிரிக்கவில்லை. கணினியையும் போனையும் வைஃபை பெட்டியையும் எடுத்துப் போனார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்த கணவர், "என்கிட்டயாவது உண்மையைச் சொல்லு" என்றார். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போலீஸ் சோதித்தபோது, பெட்டியின் பதிவில் அதோடு இணைந்திருந்த வேறொரு போனும் தெரிந்தது. ஒன்பதாம் நாள் ஆள் அகப்பட்டார். மாடி வீட்டுக்காரர்! தினமும் படிக்கட்டில் நலம் விசாரிப்பவர். அந்தப் பள்ளியில் வேலை போன ஆத்திரத்தை, தான் மாட்டாமலிருக்க அக்காவின் வைஃபை வழியே தீர்த்திருக்கிறார்.

அன்றே பாஸ்வேர்ட் போட்டார்கள். கணவர் மன்னிப்புக் கேட்டார்.

"மாடி வீட்டுக்காரர் யாரோ ஒருத்தர்," என்றார் அக்கா. "'உண்மையைச் சொல்லு'ன்னு நீங்க எப்படிங்க கேட்டீங்க?"