பாவம், அவருக்கும் தெரியவில்லை

நானும் என் சிநேகிதியும் ஓ.எல். பரீட்சை எழுதவிருந்த வருடம், எங்களுக்குக் கணக்குப் படிப்பித்தவர் யாழ்ப்பாணத்து சேர். ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் கரும்பலகையில் வட்டம் ஒன்றை வரைந்தார். வெளியே P என்று ஒரு புள்ளி. அங்கிருந்து இரண்டு தொடலிக் கோடுகள் போய் வட்டத்தை A-யிலும் B-யிலும் தொட்டன. P-யில் கோணம் ஐம்பது பாகை. மையத்தில் A-க்கும் B-க்கும் இடையில் எத்தனை பாகை? திங்கட்கிழமை விடையோடு வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் இருவருக்கும் ஒன்றும் ஓடவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறி மஸ்கெலியா டவுனுக்குப் போனோம். அங்கே டெலிபோன் பேசப் போகிற ஒரு கொமியூனிகேஷன் கடையில் இன்டர்நெட் உள்ள கம்பியூட்டர் ஒன்றே ஒன்று இருந்தது. உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் கணக்குச் சந்தேகம் கேட்கிற தளம் ஒன்றைக் கடைக்கார அக்கா திறந்து கொடுத்தார். படம் அனுப்பத் தெரியாது. எழுத்தில்தான் விளக்க வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். தொடலிக்கு ஆங்கிலச் சொல் கையிலிருந்த குட்டி அகராதியில் இல்லை. “வெளியிலிருந்து இரண்டு பேர் வந்து வட்டத்தைத் தொடுகிறார்கள்” என்கிற மாதிரி எதையோ எழுதி அனுப்பினோம்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் பதில் போட்டார். பெயருக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட பூனைப் படம்.

“தொடுவது மனிதர்களா, கோடுகளா?” என்று கேட்டிருந்தார். கோடுகள் என்றோம்.

“அப்படியானால், மையத்திலிருந்து A-க்கு ஒரு கோடு போட்டால் அங்கே என்ன கோணம் வரும்?”

சிநேகிதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஏன்டி, இவருக்கும் தெரியாதுபோல. நம்மகிட்டயே கேக்குறாரு.”

“பாவம்டி, உதவி பண்ண வந்து மாட்டிக்கிட்டாரு. சொல்லிக் குடுப்போம்” என்றேன்.

தொண்ணூறு என்று எழுதி, அந்தத் தேற்றத்தை மனப்பாடம் செய்துகொள்ளும்படி அறிவுரையும் சேர்த்தோம். “B-யில்?” என்றார். அதுவும் தொண்ணூறுதான் என்றோம். “P, A, மையம், B நான்கும் சேரும் நாற்பக்கலில் நான்கு கோணமும் சேர்ந்தால் எவ்வளவு?” என்றாரே பார்க்கலாம்!

“இதுகூடவா தெரியாது!” என்று சிநேகிதி கத்திவிட்டாள்.

“திட்டாதீங்க பிள்ளைங்களா, எல்லாருக்கும் ஒரே மாதிரியா படிப்பு ஏறும்?” என்றார் கடைக்கார அக்கா.

பொறுமையாக எழுதினேன். முந்நூற்று அறுபது. அதில் இரண்டு தொண்ணூறையும் ஐம்பதையும் கழித்தால் நூற்று முப்பது. எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. “அடியே, இதுதான்டி நம்ம விடை!”

அவர் “வெல் டன்” என்று போட்டார்.

“சொல்லிக் குடுத்தது நாம. ஒரு தேங்க்ஸ் இல்ல, வெல் டன்னாம்” என்று சிநேகிதி பஸ்ஸிலும் பொருமிக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை சேர் எங்கள் கணக்குக் கொப்பியைப் பார்த்துவிட்டு, “ஆர் சொல்லித் தந்தது?” என்று கேட்டார்.

“யாருமில்ல சேர். நாங்கதான் ஒருத்தருக்குச் சொல்லிக் குடுத்தோம்” என்று முழுக் கதையையும் சொன்னோம். சேர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. குளிரில் இருமுகிறார் என்று நினைத்தோம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லது பிள்ளையள். அந்த மனுசனைக் கைவிட்டிடாதேங்கோ” என்றார்.

கைவிடவில்லை. அடுத்த சனிக்கிழமை வட்டத் தேற்றங்கள் எல்லாவற்றையும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். மழைக்கு டெலிபோன் லைன் அறுந்து, இன்டர்நெட் இல்லாமல் கிடந்தது. இனி அவர் எப்படிப் பாஸ் பண்ணப் போகிறாரோ என்ற கவலையோடு திரும்பி வந்தோம்.