ஊருக்கே விடை தெரிந்த கேள்வி

எங்கள் ஊரில் அப்போது யாருடைய பாஸ்வேர்டையும் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. பிள்ளையின் பெயரைப் போட்டு, பின்னால் 786 என்று அடித்தால் பாதி ஊரின் மின்னஞ்சல் திறந்துகொள்ளும். அது பிஸ்மில்லாஹ்வுக்குரிய எண்; அதன் பரக்கத்தும் கிடைக்கும், மறந்தும் போகாது என்பது எங்கள் எண்ணம். பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிட்டு, அல்லாஹ் காப்பான் என்று தூங்கப் போகிற ஆட்கள் நாங்கள்.

என் கணக்கைத் திறந்து தந்தவர் என் கணவர். கட்டாருக்குப் புறப்படும் முன், கல்முனையில் ஒரு நெட் கபேயில் பக்கத்தில் உட்கார்ந்து, பாஸ்வேர்டை அவரே யோசித்து, அவரே அடித்து, எனக்கு ஒரு தரம் சொல்லித் தந்தார். எனக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை. புருஷன் பெண்சாதிக்குள் என்ன பூட்டு?

குறை தெரிந்தது வீட்டு விஷயத்தில்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. உம்மா மகளுக்குக் கொடுப்பா; மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். உம்மா எனக்குத் தந்த வீடு கடலோரத்தில் இருந்தது. கடல் வந்த நாளில் அதில் கிணறும் ஒரு பக்கச் சுவரும் மிஞ்சின. உயிர் தப்பிய நானும் உம்மாவும் வருடக்கணக்காகத் தகரக் கொட்டிலில் கிடந்தோம். கடைசியில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் வயலை மண்போட்டு நிரப்பி வீடுகள் கட்டியது. சண்டை முடிந்தது என்று றோட்டில் வெடி கொளுத்திய நாட்களில், இனி வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்கப் போகிறோம் என்றார்கள். பட்டியலைப் போய்ப் பார்த்தேன். என் கடலோர வளவுக்குப் பதிலாக வந்த வீட்டுக்கு நேரே அவருடைய பெயர் இருந்தது. குடும்பத் தலைவராம்.

போனில் கேட்டேன். "என்ட பேரில இருந்தா என்ன, உன்ட பேரில இருந்தா என்ன புள்ள?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்திரிக்கி. வீடு கேக்காங்க. நான் எங்க போற?"

அவர் கெட்டவர் இல்லை. பெண்ணுக்கு வீடு என்ற அதே வழக்கம்தான் அவருடைய கழுத்தையும் நெரித்தது. தங்கைக்கு வீடு கொடுக்காத காக்கா, அதாவது அண்ணன், எங்கள் ஊரில் தலை நிமிர்ந்து பள்ளிவாசலுக்குப் போக முடியாது. ஆனால் அந்த வீடும் போனால் என் உம்மா எங்கே தலைசாய்ப்பா? அதற்கு அவரிடம் "பாப்பம்" என்ற ஒரு சொல்தான் இருந்தது. பாப்பம் என்ற சொல்லுக்குக் கீழே மழைக்கு ஒதுங்க முடியுமா?

ஆட்சேபணை இருந்தால், பதிவில் உள்ள மின்னஞ்சலில் இருந்தே எழுதுங்கள் என்று நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி சொன்னார். எழுதினேன். கடலோடு போன உறுதி என் பெயரில் இருந்ததையும் சொன்னேன். பதில் வந்திருக்குமா என்று பார்க்க நெட் கபேக்குப் போனபோது, அனுப்பியவற்றில் நான் எழுதாத கடிதம் ஒன்று கிடந்தது. என் கோரிக்கையை நான் மீளப் பெறுகிறேனாம். சிரமத்துக்கு மன்னிக்க வேண்டுமாம். கீழே என் பெயர். என்னைவிட நல்ல ஆங்கிலத்தில் நான் என் வீட்டைக் கைவிட்டிருந்தேன்.

கபேயின் பலகைத் தடுப்புக்குள் வாய்விட்டு அழவும் முடியாது. தனியாகப் போனால் ஊர் கதைக்கும் என்று அவருடைய உம்மா, என் மாமி, ஒவ்வொரு தடவையும் துணைக்கு அனுப்பியது அவருடைய தங்கையைத்தான். வீடு யாருக்குப் போக இருந்ததோ, அவளே எனக்குக் காவல்.

அன்றே பாஸ்வேர்டை மாற்றினேன். பூட்டினால், ஒளிக்க ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மறுநாளே அவர் கட்டாரிலிருந்து போன் பண்ணினார். கோபம் இல்லை, சிரிப்பு. பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்கு அந்தக் கணக்கு ஒரு ரகசியக் கேள்வி கேட்கும். விடை சரியென்றால் உள்ளே விட்டுவிடும். என் கேள்வி, உன் தாய் பிறந்த ஊர் எது என்பது.

"உன்ட உம்மா நிந்தவூர்ல பொறந்தவ எண்டு எனக்குத் தெரியாதாகா? அவ என்ட வாப்பாட தங்கச்சியெல்லுவா?"

யாரையும் யாருக்கும் தெரியாத பெரிய பட்டணத்தில் இருந்துகொண்டு யாரோ யோசித்த கேள்வி அது. மச்சானைக் கட்டுகிற ஊரில் அதை வைத்து என்ன செய்வது? நான் படித்த முதல் பள்ளிக்கூடம், வளர்த்த பூனையின் பெயர், எல்லாம் எங்கள் தெரு ஒழுங்கையில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் பாஸ்வேர்டை மாற்றினார். நானும் அதே கேள்வி வழியாக நுழைந்து திருப்பி மாற்றினேன். அவர் மறுபடியும் மாற்றினார்; இடையில் நான் எது எழுதினாலும் இன்னொரு கடிதத்தால் அதை அழித்துவிடுவார். வேறு முகவரி திறந்து எழுதினால், பதிவில் இல்லாத முகவரியை ஏற்க மாட்டோம் என்று பதில் வந்தது. பட்டியல் மூடப்படும் நாளும் நெருங்கியது. என்னைத் தெரிந்தவர்கள் சூழ இருப்பது பாதுகாப்பு என்று சிறு வயது முதல் சொல்லித்தான் வளர்த்தார்கள். அந்த நாட்களில் எனக்கு மூச்சு முட்டியது.

அப்படி ஒருநாள் நான் திரையைப் பார்த்தபடி கல்லாக இருந்தேன். பக்கத்தில் இருந்த அவருடைய தங்கை, கம்பியூட்டர் வகுப்புக்குப் போனவள், காக்காவின் பெண்சாதி என்பதால் என்னை மச்சி என்பவள், மெல்ல மவுஸை எடுத்தாள்.

"மச்சி, இஞ்ச பாருங்க. கேள்வியையும் மாத்தலாம்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"உங்கட உம்மாவ றோட்டில வெச்சிட்டு நான் எந்த வீட்டில குடியிரிக்கிற?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "அடிங்க. நான் பாக்கல்ல." கதிரையைத் திருப்பிப் போட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

புதுக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். பாட்டனின் தொழில். என் கணவருக்கும் பாட்டன் அவர்தான். சிறுவயதுத் தோழி. அவருக்குத் தெரியும். கடைசியில் ஒன்று இருந்தது: உனக்கு மிகவும் பிடித்த சாப்பாடு எது? அவர் என்ன அடிப்பார் என்று எனக்குத் தெரியும். வட்டிலப்பம். மாமி செய்வதை நான் மறுக்காமல் சாப்பிடுவதை இருபது வருடம் பார்த்தவர். எனக்கு அந்த இனிப்பு தொண்டையில் இறங்காது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. பிறந்ததிலிருந்து என்னைக் கேட்ட முதல் ஆள் அந்தப் பெட்டிதான். உண்மையான விடையை அடித்தேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

பிறகு அந்த அதிகாரிக்கு, முன்பு வந்த கடிதம் நான் எழுதியதல்ல என்று எழுதினேன். இந்தத் தடவை அந்தக் கடிதம் நான் எழுதியபடியே இருந்தது. உறுதி என் பெயரில் வந்தது. தங்கையைக் கேட்ட மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் திரும்பி வந்து, வழக்கப்படி என் வீட்டில்தான் குடியிருக்கிறார். என்ன விடை போட்டாய் என்று இன்றுவரை கேட்டதில்லை. மாமி மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு அவருடைய தங்கையும் எங்களோடு வந்துவிட்டாள். அவளுக்கு அதற்குப் பிறகு ஒரு கலியாணமும் சரிவரவில்லை. முன் அறையில் அவள் துணி மடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வீடு எனக்குப் பாரமாக இருக்கும். விட்டுக்கொடுத்திருந்தால் உம்மா தெருவில். கொடுக்காததால் இவள் இந்த அறையில். இதில் எந்தக் கதவை நான் திறந்திருக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை.

போன நோன்பில் ஒருநாள், இஃப்தாருக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்:

"அண்டைக்கு என்னத்த அடிச்ச நீங்க, மச்சி?"

சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன்; அந்தக் கணக்கு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

அவள் கைவேலையை நிறுத்தினாள். "அத நீங்க சாப்பிட்டு நான் ஒருநாளும் காணல்லியே."

"ஆருகா எனக்கு ஆக்கித் தந்த?" என்றேன்.

அவள் எழுந்து போய் அடுப்பை மூட்டினாள்.