முந்தானையில் வாங்கிய கிறிஸ்துமஸ் காசு

ஆஸ்பத்திரிக்கு எதிரே எனக்கு ஜெராக்ஸ் கடை. காப்பீட்டு அட்டையையும் ரேஷன் கார்டையும் நகல் எடுக்க வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எந்த வார்டு என்று சொல்லிவிடுவேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் என்றால் குரலே வெளியே வராது. கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்குகிற பிள்ளை விழித்துவிடும் என்பதுபோல், கடையில்கூட மெதுவாகத்தான் பேசுவார்கள்.

அதனால்தான் போன டிசம்பரில் எங்கள் பங்குக் கோயிலின் கேரல் குழுவில் சண்டை போட்டேன். வீடு வீடாகப் பாடி வசூலாகும் காசில் வழக்கமாக மாதா சொரூபம் இருக்கும் கெபிக்கு சீரியல் பல்பு வாங்குவோம். "மாதா இருட்டுல இருந்தா கோவிச்சுக்க மாட்டாங்க. இந்த வருசம் ஆஸ்பத்திரிப் பெட்டில கெடக்குற புள்ளைக குடும்பத்துக்குக் குடுப்போம்" என்றேன். குழுத் தலைவர் முனகினார். நான் கத்தினேன். என் வாய்க்குப் பயந்தே ஒத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் வசூலை ஒரு கவரில் போட்டு, அகரத்திலிருந்து வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணிடம் நீட்டினேன். ஏழாம் மாதத்தில் பிறந்த அவள் மகன் தொண்டையில் குழாயோடு கிடந்தான்; மெஷின்தான் அவனுக்காக மூச்சு விட்டது. புருஷன் கூலி வேலையை விட்டுவிட்டு வராந்தாவிலேயே கிடந்தான். அவள் கவரைத் தொடவே இல்லை.

"இப்படிக் குடுத்தா வாங்க மாட்டேன்க்கா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இம்புட்டுக் கஷ்டத்திலும் என்ன ஏத்தம் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சொன்னாள்:

"பழனிக்கு மடிப்பிச்சை நேந்திருக்கேன்க்கா. அவன் பொழைக்கணும்னா நானே வாசல் வாசலாப் போயி, முந்தானைய விரிச்சுக் கேட்டு வாங்கணும். ஒரு ரூவாய மஞ்சத்துணில முடிஞ்சு முருகனுக்கு வச்சிட்டு, மிச்சத்துலதான் வைத்தியம். எனக்கு இங்க யாரையும் தெரியாது. நீங்க பாடப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

கேரலுக்கு நடுவில் முருகனுக்கு நேர்ந்த மடியா என்று தலைவர் தலையைச் சொறிந்தார்.

"பொறக்க எடமில்லாம தொழுவத்துல எடம் வாங்குனவருதான நம்ம சாமி? கேட்டு நிக்கிறவுக கஷ்டம் அவருக்குத் தெரியாதா?" என்றேன். மனுஷன் கிதாரை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

மறுநாள் பொழுது சாய, பிள்ளைக்குப் பால் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்தாள். முதல் வீட்டில் நாங்கள் பாடி முடித்ததும் முந்தானையை இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள், அவ்வளவுதான். இரண்டாவது வீட்டில், "எம்புள்ளைக்கு மடிப்பிச்சை போடுங்கம்மா" என்று வாய் திறந்தாள். எங்கள் பங்கைச் சேராத ஒரு பாய் வீட்டு வாசலிலும் போய் நின்றாள். அந்த வீட்டம்மா காசைப் போட்டுவிட்டு, "துஆ செய்றேன்மா, தைரியமா இரு" என்று அவள் கன்னத்தைத் தொட்டார். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டிருந்தவர் முகமூடிக்குள்ளேயே மூக்கை உறிஞ்சினார்.

அடுத்த தெருவில் அவள் செல்போன் அடித்தது. அவளுக்கு இரண்டு கையிலும் முந்தானை. போன் என்னிடம் இருந்தது. கூப்பிட்டது புருஷன். பாட்டு தானாக நின்றது. மாதாவே, இவ மடியேந்தி நிக்கிற நேரத்துல கெட்ட சேதி வேணாம், வேணவே வேணாம் என்று வேண்டிக்கொண்டே அவள் காதில் வைத்தேன். அவன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"ஏ புள்ள, கொழாய எடுத்துட்டாங்க! அவனே மூச்சு விடுறான்! அழுவுறான் புள்ள!"

அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை இல்லை, நான்தான் துடைத்துவிட்டேன். அம்புட்டு பேரும் சிரிக்கிறோம், அழுகிறோம்.

"வா தாயி, புள்ளையப் பாக்கப் போவோம். வேண்டுதல்தான் பலிச்சிருச்சே" என்று தோளைப் பிடித்து இழுத்தேன்.

அவள் நகரவில்லை. "செத்த நேரம் இருங்கக்கா. பக்கத்துப் பெட்டில ஒரு பொம்பளப் புள்ள கெடக்கு. அதோட அம்மாவால இன்னும் எந்திரிக்கவே முடியல. அதுக்கு யாரு மடியேந்துவா?" என்றபடி அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

நான் என் முந்தானையை விரித்து அவள் பக்கத்தில் நின்றேன்.