குடம் தூக்கிப் பார்க்கச் சொன்ன அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் எங்கள் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அண்ணி கேட்டபோது, ஜவுளிக்கடைக்காரனுக்கு பில் எழுதத்தான் தெரியும் என்று நழுவப் பார்த்தேன். அண்ணி விடவில்லை.

"எல்லாரும் அவங்களப் பெரிய டாக்டர்னுதான் சொல்லுதாங்க தம்பி. என்ன வேலை செஞ்சாங்கன்னு சொந்தத்துல ஒருத்தருக்கும் தெரியாது. நீங்களாவது எழுதுங்க" என்றார்.

அவர் சொன்னது நியாயம். அண்ணன் மலக்குடல் அறுவை சிகிச்சை நிபுணர். அம்மா கடைசிவரை "வயித்து டாக்டர்" என்றே சொல்லிச் சமாளித்தார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். இனிமேல் வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது? சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் கை கழுவிவிட்டு வந்து படிக்கலாம்.

அண்ணன் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். அவருக்கு ஏழு வயதும் எனக்கு மூன்று வயதுமாக இருந்தபோது அப்பா குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, தியாகராய நகரில் பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு சின்ன ஜவுளிக்கடை வைத்தார்கள். கடைக்கு மேலேயே வீடு. வேட்டிக் கட்டுகளில் சாய்ந்து படித்தே அண்ணன் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அவர் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது அப்பா காலமானார்கள். இரண்டு பேரில் ஒருவர் கடையில் உட்கார வேண்டும். நான் உட்கார்ந்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் மேற்படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்த காலம் முழுவதும் அண்ணன் வாரம் தவறாமல் எனக்குத் தனியாகக் கடிதம் போட்டார். அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது கோபமெல்லாம் போய்விடும்.

கூடப் படித்தவர்கள் இதயம், மூளை என்று போனார்கள். "உனக்கு வேற இடமே கெடைக்கலையாய்யா?" என்று அம்மா அழாத குறையாகக் கேட்டார்கள். "எல்லாரும் மூக்கப் பொத்திக்கிட்டுத் தள்ளி நிக்கிற இடத்துலதாம்மா ஆள் தேவை" என்றார் அண்ணன். அறுபதுகளின் கடைசியில் சென்னை திரும்பி, அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் கல்லூரியில் பாடமுமாக இருந்தார். முகம் சுளிக்கிற மாணவன் அவர் வார்டுக்குள் நுழைய முடியாது. வெட்கத்தால் சொல்லாமல் இருந்து, மூலம் என்று நினைத்துக் கண்டவரிடம் மருந்து தின்று, புற்று முற்றிய பிறகு வருகிறவர்களே அவரிடம் அதிகம். அப்படிப்பட்டவர்களுக்கு மலக்குடலை அடியோடு எடுத்துவிட்டு, கழிவு வெளியேற வயிற்றின் இடது பக்கம் ஒரு வாய் வைத்துத் தைக்க வேண்டியிருக்கும். பிறகு ஆயுள் முழுக்க அதன் மேல் பை கட்டிக்கொண்டுதான் வாழ வேண்டும்.

மந்தைவெளியிலிருந்து வந்த ஓர் அம்மாளுக்கு அண்ணன் அப்படித்தான் செய்து உயிரைக் காப்பாற்றினார். வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினார். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அம்மாள் விசாரித்துக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை எடுத்துப் போட்டேன்.

"உசுரு குடுத்தே நைனா, இல்லேன்னு சொல்லல" என்றார். "ஆனா பாவாட நாடா அந்த வாய் மேலயே வந்து அழுத்துது. குடத்த இடுப்புல வெச்சா அங்கயே இடிக்குது. பத்து வூட்டுக்குத் தண்ணி ஊத்தித்தான் நான் கஞ்சி குடிச்சிக்கினு இருந்தேன். இப்ப மூலையில குந்திக்கினு கீறேன். கத்தி வெக்கிறதுக்கு முன்ன ஒரு வார்த்த என்னைக் கேட்டியா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிழைத்ததே பெரிது, இதில் நாடா ஒரு கேடா என்று வாயைத் திறந்தேன். அண்ணன் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"கேக்கலம்மா. தப்பு என்னோடது" என்றார்.

அந்த அம்மாள் போன பிறகு அண்ணன் தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்து விரித்தார். வாய் எங்கே வைப்பது என்று படம் போட்டிருந்தது. படத்தில் இருந்தவர் பேண்ட் போட்டு, பெல்ட் கட்டிய வெள்ளைக்காரர்.

"ஏல, பொம்பளைங்க பாவாடைய எங்க கட்டுவாங்க?" என்றார்.

இங்கிலாந்து வரை போய்ப் படித்தவர் கேட்கிற கேள்வியா இது! சிரிப்பு வந்தது. பிறகு எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். வேலை செய்கிற பெண்கள் இறக்கிக் கட்டுவார்கள். உட்கார்ந்தே இருப்பவர்கள் ஏற்றிக் கட்டுவார்கள். வேட்டிக்கு ஓர் இடம், கைலிக்கு வேறோர் இடம். அண்ணன் பள்ளிப் பிள்ளை மாதிரி குறிப்பு எடுத்துக்கொண்டார்.

வாயை இடம் மாற்றி வைக்க இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும். "பிழைத்தவளை மறுபடி மேஜையில் படுக்கப் போட்டு, ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்று மருத்துவமனையில் அவருக்கு மேலே இருந்தவர் தடுத்தார். முதலில் செய்தது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் அண்ணன் அனுமதி வாங்கினார். அந்த அம்மாள் பயப்படவில்லை. பயந்தது அண்ணன்தான். "நீ வெளிய உக்காந்திருல, போதும்" என்று அன்றைக்கு என்னைக் கூடவே அழைத்துப் போனார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். நல்லபடியாக முடித்து வெளியே வந்தபோது என் தோளில் சாய்ந்துகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். ஒரு காலை என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மந்தைவெளிக்குப் போனார். குழாயடியில் நீண்ட வரிசை. குறுக்கே புகுந்த ஒருத்தியை அந்த அம்மாள் பிடித்து விளாசிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மே, நாங்கெல்லாம் இன்னா வேடிக்க பாக்கவா நிக்கிறோம்? போ, பின்னால போய் நில்லு!"

அரைக் குடத்துக்கு மேல் தூக்கக்கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் நிறைகுடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கமாக வந்தார். வழியில் ஸ்கூட்டர் நின்றது.

"வண்டிய அப்பால தள்ளு நைனா, இடிக்கப் போவுது" என்று அண்ணனிடமே சொல்லிவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

அண்ணன் வண்டியைத் தள்ளினார். "கூப்பிடட்டுமாண்ணே?" என்றேன்.

"வேண்டாம்ல. அந்த அம்மா என்னை மறந்துட்டாங்க. அதவிட எனக்கு என்ன வேணும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அண்ணனின் ஆராய்ச்சியெல்லாம் இதுதான். நோயாளிகள் வீட்டில் உடுத்துகிற உடையிலேயே வர வேண்டும். சம்மணம் போட்டு உட்காரச் சொல்வார், குனியச் சொல்வார், தொழுகிறவர்களை நெற்றி தரையில் படப் பணியச் சொல்வார், பெண்களைக் குடம் தூக்கச் சொல்வார். அதற்குப் பிறகுதான் மையால் வயிற்றில் ஒரு புள்ளி வைப்பார். அந்த வார்டுக்குப் பித்தளைக் குடம் வாங்கிக் கொடுத்தவன் நான். மாணவர்கள் அவருக்குக் 'குடம் சார்' என்று பெயர் வைத்தார்கள். இதையெல்லாம் கட்டுரையாக எழுதி வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பியபோது, நோயாளி ஏன் அவ்வளவு எடையைத் தூக்க வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். "தண்ணீருக்காக" என்று அண்ணன் பதில் போட்டார். மந்தைவெளி அம்மாளுக்குத் தாம் வாயைத் தவறான இடத்தில் வைத்ததைச் சொல்லித்தான் அந்தக் கட்டுரை தொடங்குகிறது. எடுத்துவிடச் சொன்ன நண்பர்களின் பேச்சை அவர் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று நாள் இருந்தார். "கடை தொறக்கலையால?" என்று என்னிடம் கேட்டார். இன்றைக்கு லீவு என்றேன். தீபாவளிக்கு மறுநாளைத் தவிர எங்கள் கடைக்கு லீவு கிடையாது என்று அவருக்குத் தெரியாதா? என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இன்னும் கையில் இருக்கிறது.

அந்த மூன்று நாளும் உடனிருந்து பார்த்த மருத்துவர்களுக்கும், வராந்தாவை விட்டு நகராத மாணவர்களுக்கும், நோயாளிகளுக்கான பைக்கு இன்றும் துணி உறை தைத்துத் தரும் எதிர்க்கடை பாய்க்கும், எங்களைத் தாங்கி நிற்கும் உங்கள் அனைவருக்கும் அண்ணி சார்பிலும் என் சார்பிலும் கைகூப்புகிறேன். அண்ணனிடம் சிகிச்சை பெற்று, விலாசம் தெரிந்த எல்லோருக்கும் இந்த மலரை அனுப்புகிறோம். மந்தைவெளிக்கு மட்டும் அனுப்பவில்லை. அண்ணன் காலமான செய்தியையும் அங்கே சொல்லவில்லை. அந்த அம்மாள் அவரை மறந்தே இருக்கட்டும்.