லிஃப்ட்காரர் அழுத்தாத பொத்தான்

லிஃப்ட்காரருக்கு அந்தப் பெயர் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பக்கத்து நாலைந்து தெருக்களில் எந்த மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதி வழியில் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். உள்ளே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், "பதறாதீங்க, காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும், பத்து நிமிஷம்" என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே பழுது பார்ப்பார். நிதானமான மனுஷன் என்று எல்லாரும் சொல்வார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், மகள் கல்யாணமாகிப் போன பிறகு, வீட்டில் பொழுது போகாமல் இருந்த மனைவிக்கு அவர்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பூட்டிக்கிடந்த ஒரு கிடங்குக்கு முன்னால் இருந்த காலி இடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில். கிளட்சை விட்டபோதெல்லாம் வண்டி எகிறிக் குதித்தது. "காலை மெதுவா எடு, மெதுவா!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். அப்படிக் கற்றுக்கொண்டவள் மூன்றாம் வருஷமே பயிற்சி கொடுக்கிறவர்களுக்கான லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ரோட்டைக் கண்டாலே கை நடுங்குகிற பெண்கள், ஐம்பதைத் தாண்டி ஆசை வந்தவர்கள், புருஷனிடம் கற்றுக்கொள்ளப் போய்ப் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்கள், எல்லாரும் அவளைத் தேடி வந்தார்கள். ஒரு கார் இரண்டு காரானது. இரண்டாவதற்குச் சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்தாள்.

லிஃப்ட்காரருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஒருநாள் முடிவெட்டுகிற கடையில் உட்கார்ந்திருந்தபோது, கடைக்காரர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "சாரைத் தெரியலையா? நம்ம டிரைவிங் அக்கா வீட்டுக்காரர்" என்றார். லிஃப்ட்காரரின் முகம் சுண்டிப்போனது. கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்துக் கடைக்காரர் அவர் தலையைப் பதமாகப் பிடித்துத் திருப்பினார்.

வருமான வரிக் கணக்கு மட்டும் வீட்டில் அவருடைய இலாகா. தன்னுடையதையும் மனைவியுடையதையும் கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்னதாகவே தாக்கல் செய்துவிடுவார். கூட வேலை செய்கிறவர்கள்கூடச் சந்தேகம் என்றால் அவரிடம்தான் வருவார்கள். அந்த வருஷமும் அவள் ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள். சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்து தன் கணக்கைப் போட்டு அனுப்பினார். பிறகு அவளுடையதைக் கூட்டினார். தப்பு என்று நினைத்து மறுபடி கூட்டினார். மூன்றாம் முறையும் அதே தொகை. அவருடைய வருஷச் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு.

கட்டங்களையெல்லாம் நிரப்பினார். கடைசியில் 'சமர்ப்பி' என்ற பச்சைப் பொத்தான் ஒன்றுதான் பாக்கி. வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் பொத்தான்களை அழுத்திச் சரிபார்த்தவர்! அதை அழுத்தக் கை வரவில்லை. அழுத்தினால் அந்தத் தொகை உண்மையாகிவிடும் என்பதுபோல் இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்தார்.

நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரமும் ஓடிப்போனது. கடைசித் தேதி அன்று அவள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏங்க, என் கணக்கு போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"ம்" என்றார்.

அந்த 'ம்' அவரைத் தூங்கவிடவில்லை. ஆனாலும் வாசலில் யாராவது வந்து, "அக்கா இருக்காங்களா?" என்று கேட்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. எரிந்த அன்றைக்கெல்லாம், 'கிடக்கட்டும்' என்று தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து அவள் மூன்றாவது காருக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனாள். கணக்குத் தாக்கல் செய்த சான்று வேண்டும் என்றார்கள். அங்கேயே அவளுடைய வரி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் நீங்க தாக்கலே பண்ணலையேம்மா" என்றார்களாம். வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"மறந்துட்டீங்களா?"

தப்பித்துப் போக அவளே ஒரு வழி காட்டினாள். லிஃப்ட்காரர் தலையாட்டியிருக்கலாம்.

"மறக்கல."

"பின்ன?"

"கூட்டிப் பார்த்தேன். எனக்கு மேல இருந்துச்சு. மனசு வரல."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "எனக்குக் கார் சொல்லிக் கொடுத்த அன்னைக்கு, வண்டி ஓடாமலே இருக்கட்டும்னா நினைச்சீங்க?"

"இவ்வளவு தூரம் ஓடும்னு நினைக்கல."

அவள் பையோடு எழுந்து உள்ளே போனாள். கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை, தேதி தாண்டிய கணக்கை நேரில் கொடுக்க இருவரும் வரி அலுவலகத்துக்குப் போனார்கள். தாமதமாக வருகிறவர்களுக்குத் தனி ஜன்னல், அங்கே நீண்ட வரிசை. உள்ளே இருந்த அதிகாரி அம்மா படிவத்தைப் பார்த்து, "தாமதத்துக்குக் காரணம்?" என்று பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். லிஃப்ட்காரர் பர்சைத் தேடுவதுபோல் சட்டைப் பையைத் தடவினார்.

"வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு முடியல, மேடம்" என்றாள் மனைவி.

"இப்ப பரவாயில்லையா?"

"இன்னும் குணமாகல."

அபராதத்துக்கு அவர் பர்சை எடுத்தார். அவள் அவர் கையை ஒதுக்கிவிட்டுத் தன் பணத்தை நீட்டினாள். கோபத்தில் செய்தாளா, வீம்பில் செய்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாமதமாகப் போட்ட கணக்கு என்பதால் வங்கிக் கடன் நாலு மாதம் தள்ளிப்போனது. பேசி வைத்திருந்த காரை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடன் வந்தபோது கூடுதல் விலை கொடுத்துத்தான் ஒன்று கிடைத்தது. அதைப் பற்றி அவள் ஒருநாளும் குத்திக் காட்டவில்லை. சாப்பாடு எடுத்து வைப்பாள், பேசுவாள், சிரிப்பாள். ரசீதுப் பையை மட்டும் தன் அலமாரிக்கு மாற்றிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் தன் கணக்கைத் தானே போட உட்கார்ந்தாள். அதே சாப்பாட்டு மேசை. எதிர்ப்பக்கம் லிஃப்ட்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"டயர் மாத்தின செலவை எந்தக் கட்டத்துல போடணும்?"

சொன்னார். அந்த ஒரு சந்தேகத்தோடு சரி. திரையை அவள் மறைக்கவில்லை. ஒரு அடி நகர்ந்திருந்தால் தொகையைப் பார்த்திருக்கலாம். நகரவில்லை. போன வருஷம் ஒன்றரை மடங்கு என்றாவது தெரிந்தது. இப்போது இரண்டா, இரண்டரையா? பேப்பரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"ஆச்சு" என்று கம்ப்யூட்டரை மூடினாள். "உங்களோடது எப்போ?"

"நாளைக்கு" என்றார் லிஃப்ட்காரர்.