எலீஸ் இழுத்த கயிறு

என்ன பிள்ளையள், எல்லாரும் சுகமோ? கனடாக்காரருக்குப் பனி விட்டிட்டுதோ? இஞ்சை நெடுந்தீவிலை சோளகம் தொடங்கியிட்டுது…

இந்தக் காற்று அடித்தால் எனக்கு நனைந்த கயிற்றின் மணம் வரும். கூடவே எலீஸின் ஆட்டமும் வரும்.

எலீஸ் யார் என்று கேட்பீர்கள். எங்கள் சவிரி அண்ணையின் தம்பி ராசனின் மகள். ராசன் பிரான்சுக்குப் போய், அங்கே கடல்தொழில் செய்கிற வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளையைக் கலியாணம் கட்டினவன். அன்றோடு சவிரி அண்ணை தம்பியோடு கதையில்லை. வந்த கலியாணப் படத்தை அலுமாரிக்கு மேலே கவிழ்த்து வைத்துவிட்டார்…

அந்த அலுமாரியும் ஒரு கதை. குறிகட்டுவான் துறையில் இருந்து வள்ளத்தில் ஏற்றி வரும்போது அதன் கதவு கடலுக்குள் விழுந்து… சரி, அது கிடக்கட்டும்.

எலீஸ் அங்கே நடனக்காரி. சலங்கை கட்டுகிற ஆட்டம் இல்லை. வெறுங்காலோடு, தன் கதையை உடம்பாலேயே சொல்கிற புதுமாதிரி ஆட்டம்.

“அம்மா, அப்பா கதை… இங்கை ஆட வேணும். பெரியப்பா பாக்க வேணும்” என்று இங்கே வந்திறங்கியதும் என்னிடம் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னாள். அதற்காகவே அவ்வளவு தூரம் வந்தவள்.

மாதா கோயில் மண்டபம், பின்னேரம். சவிரி அண்ணை வந்தார். உள்ளே வரவில்லை, கதவடியில் நின்றார்.

“கதிரை கிடக்கு, இருங்கோவன்” என்றேன்.

“நான் காத்து வாங்க நிக்கிறன்.”

எலீஸ் முதலில் ஒரு கையின் சின்னவிரலை நீட்டிக்கொண்டு சின்னச் சின்ன அடி வைத்தாள். தாயின் ஊரில் சின்னவிரல் கோத்துத்தான் வரிசையாக ஆடுவார்களாம். இவளுக்குக் கோக்க ஆள் இல்லை. பிறகு மற்றப் பக்கம் திரும்பி, குனிந்து, கரைவலைக் கயிறு இழுக்கத் தொடங்கினாள். தகப்பன் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும்.

பின்னால் இருந்த மேரி அக்கா சிரித்தார். “எங்கையடி கயிறு? பாரிசிலை மறந்துபோட்டு வந்திட்டாளோ?”

அவள் நிறுத்தவில்லை. இழுத்தாள்… வழுக்கினாள்… எழும்பி, திரும்ப இழுத்தாள். வேர்வை நிலத்தில் சொட்டியது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம். கயிறு பாரமாக வந்தால், கோபக்காரன் என்றாலும் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான். வால் பக்கம் போய்ப் பிடிப்பான்.

சவிரி அண்ணை செருப்பைக் கழற்றினார். சாரத்தை மடித்துக் கட்டினார். போய், அவளுக்குப் பின்னால் நின்று, அந்த இல்லாத கயிற்றைப் பிடித்துச் சாய்ந்தார்.

மேரி அக்காவின் சிரிப்பு நின்றுபோனது.

எல்லாம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

“கொப்பன் எப்ப வாறான்?”

இப்போது அண்ணனும் தம்பியும் வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு நாளும் சண்டை. சத்தம் என் குசினி அடுப்படி வரை கேட்கும். கலியாணப் படம் நிமிர்ந்து நிற்கிறது. கரையில்தான் ஆள் இல்லை… அப்போது ஒரு கயிற்றுக்கு எத்தனை கைகள்! இப்போது நானும் அவரும் இன்னும் ஒன்றிரண்டு பேரும்தான்…

பொறுங்கள், கரையில் இருந்து மரியதாஸ் கத்துகிறான்.

“அண்ணை! சவிரி அண்ணையின்ரை வள்ளம் வந்திட்டுது, இழுக்க ஆள் காணாது! கெதியா வாங்கோ!”

ஓம், வாறன்… பிள்ளையள், கயிறு நனைந்துவிட்டால் என்ன பாரம் என்றால்… இழுத்துப்போட்டு வந்து சொல்லுறன்.